என் பெயரில் இரண்டு பேர்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். குறைந்தது ஏழு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், ஆய்வு மதிப்பெண் 75 வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி. என்னிடம் பதினொரு கட்டுரைகள் இருந்தன. அதனால் அந்தப் பக்கம் கவலையே இல்லை. யார் என்ன எழுதினார், யார் மேற்கோள் காட்டினார் என்று கணக்கு வைக்கும் ஸ்கோபஸ் தளத்தில் என் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து இணைப்பது ஐந்து நிமிட வேலை என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். கடைசி நாளுக்கு முந்தின இரவு பெயரைத் தட்டினால் ஆறு கட்டுரைகள்தான் வந்தன.

மீதி தொலைந்துபோகவில்லை. நான்கு கட்டுரைகள் அதே பெயருள்ள இன்னொரு பெண்மணியிடம் இருந்தன. அவருக்கும் தாவரவியல்தான், அவரும் குரோமோசோம்தான் எண்ணுகிறார். இனிஷியல் மட்டும் வேறு. நான் எஸ்., அவர் ஆர். எஸ். என்பது என் அப்பா, ஆர். என்பது என் வீட்டுக்காரர்.

பதினொன்றாவது எங்கே என்று கண்டுபிடிக்க இரவு ஒரு மணி ஆகிவிட்டது. அது அப்பா பெயரிலேயே இருந்தது. வெளிநாட்டு ஜர்னல் ஒன்று, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாமல் அடம்பிடித்தது. சரி போகட்டும் என்று அப்பாவின் முழுப் பெயரைப் போட்டிருந்தேன். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் அவரைத்தான் காட்டியிருந்தார்கள். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேர்நுனிக் குரோமோசோம் பற்றி அவருக்கு அன்றைக்கு ஒன்பது சைட்டேஷன்.

இனிஷியல் குழப்பம் தமிழ் ஆண்களுக்கும் உண்டு, மறுக்கவில்லை. முன்னால் இனிஷியல், பின்னால் பெயர் என்ற நம் வழக்கம் எந்த வெளிநாட்டுப் படிவத்துக்கும் பொருந்தாது. ஆனால் கல்யாணத்தன்று ஆணுக்கு இனிஷியல் மாறுவதில்லை. என்னோடு ஒரே நாளில் ஆய்வில் சேர்ந்தவர் இன்று வரை ஒரே பெயரில் எழுதுகிறார், அவருடைய கணக்கு ஒரே பக்கத்தில் ஏறிக்கொண்டே போகிறது. நான் ரேஷன் கார்டு, பாஸ்புக், வாக்காளர் அட்டை என்று வரிசையாக மாற்றிக்கொண்டு வந்த ஜோரில் கட்டுரையிலும் மாற்றினேன். மாற்று என்று யாரும் சொல்லவில்லை, மாற்றாதே என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஹெச்-இண்டெக்ஸ் என்ற எண்ணைத் தெரிந்திருக்கும். குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து இருந்தால் அது ஐந்து. எஸ்.ஸுக்கு நான்கு இருந்தது, ஆர்.ருக்கு மூன்று. ஒன்றாகச் சேர்த்தபோது ஆறு. அந்த ஆறு எனக்கு வந்து சேர்ந்தபோது விண்ணப்பத் தேதி போய் ஏழு வாரம் ஆகியிருந்தது.

சேர்ப்பது கடினமில்லை. ஸ்கோபஸில் ஆசிரியர் பக்கத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. இரண்டு பக்கங்களையும் தேர்ந்தெடுத்து இது நான்தான் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பா பெயரில் போனதற்கு மட்டும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. கூகுள் ஸ்காலரில் நாமே சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஆர்கிட் எண் வாங்குவது. பூ இல்லை, தாவரவியல்காரர்கள் ஏமாற வேண்டாம். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தருகிற 16 இலக்க எண் அது. பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது. 2020-க்குப் பிறகு பெரிய பதிப்பகங்கள் பல, ஏற்கெனவே வெளியான கட்டுரையிலும் ஆசிரியர் பெயரைத் திருத்தித் தருகின்றன. பாலின அடையாளம் மாறியவர்கள் போராடி வாங்கிய வசதி அது, கல்யாணத்தால் பெயர் மாறியவர்களுக்கும் பல இடங்களில் கிடைக்கிறது. முதல் கட்டுரைக்கு முன்னாலேயே ஒரு பெயரை முடிவு செய்துவிட்டால் இதெல்லாம் தேவையே இல்லை. வீட்டில் எந்த இனிஷியல் வேண்டுமானாலும் இருக்கட்டும், கட்டுரையில் ஒன்றுதான்.

பெயர் எப்படிப் போகிறது என்பது இவ்வளவுதான். பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பது இன்னும் கொஞ்சம் வலிக்கிற கதை.

என் முனைவர் பட்டக் காலத்தில் இரண்டு வருடம் தினமும் காலை ஒன்பதுக்குள் தோட்டத்தில் நிற்பேன். வேர்நுனியில் செல் பிரிவது காலையில்தான் நன்றாகக் கிடைக்கும். நுனியை வெட்டி, மருந்தில் ஊறவைத்து, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்ததில் போட்டு, மறுநாள் கார்மைன் சாயம் ஏற்றி, கவர் கிளாஸின் மேல் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் குரோமோசோம் சிதறிவிடும், குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நூறு ஸ்லைடு போட்டால் எண்ணக்கூடியது ஏழெட்டுத் தேறும். விரல் நுனி எப்போதும் சிவப்பாகவே இருக்கும், மருதாணியா என்று பஸ்ஸில் கேட்பார்கள்.

அந்த ஸ்லைடுகளிலிருந்து வந்த முதல் கட்டுரையில் என் பெயர் மூன்றாவது. முதல் பெயர் லேப் சீனியர், அவர்தான் எழுதினார். இரண்டாவது, படம் எடுக்கும் மைக்ரோஸ்கோப் வைத்திருந்த இன்னொரு துறைக்காரர். கடைசியில் கைடு. நான் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, கேட்பது போல ஏதோ முணுமுணுத்தேன். "அடுத்த பேப்பர்ல பார்த்துக்கலாம்மா, அவனுக்கு இப்ப வேலைக்குப் போகணும், குடும்பம் இருக்கு" என்றார் சார். கைடு கெட்டவர் இல்லை. என் வைவாவுக்காகத் தன் காரை எடுத்துக்கொண்டு தேர்வாளரை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்தவர். அவருக்கு அது அநியாயமாகவே தெரியவில்லை. அவனுக்குக் குடும்பம் இருந்தது, எனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. அவர் கணக்கு நேராகத்தான் இருந்தது.

அதன் விலை என்ன என்பது பிற்பாடு 2018 விதியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அறிவியல் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படை மதிப்பெண் 8. இரண்டுக்கு மேற்பட்டோர் எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கோ, ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் கரஸ்பாண்டிங் ஆசிரியருக்கோ 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. அதாவது முதல் பெயருக்கு 5.6, மூன்றாம் பெயருக்கு 2.4. அந்த 3.2 வித்தியாசம்தான் சாரின் "அடுத்த பேப்பர்".

எனக்காவது மூன்றாம் இடம் கிடைத்தது. 2022-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் யார் யார் வேலை செய்தார்கள் என்ற சம்பளப் பதிவையும், வெளிவந்த கட்டுரைகளில் யார் பெயர் இருந்தது என்பதையும் பொருத்திப் பார்த்தார்கள். ஒரே குழுவில் இருந்தும், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கட்டுரையில் பெயர் வரும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம் குறைவு, காப்புரிமையில் 58 சதவீதம் குறைவு. அப்போது அவர்கள் பெயர் எங்கே போகும்? நன்றியுரைக்கு. 2019-இல் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த இன்னொரு ஆய்வு அந்த நன்றியுரைகளையே தோண்டியது. மரபியல் கணிதத்துக்கான ஒரு இதழில், 1970-களில் ஆசிரியர்களில் பெண்கள் 7 சதவீதம்தான். ஆனால் 'புரோகிராம் எழுதித் தந்தமைக்கு நன்றி' என்று அடியில் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர் பெண்கள். 1975-இல் வந்த வாட்டர்சனின் கட்டுரை எங்கள் துறைப் பிள்ளைகள் இன்றும் படிக்கிற ஒன்று. அதன் கணக்குகளைக் கணினியில் போட்டுத் தந்தவர் மார்கரெட் வூ. நன்றியுரையில் ஒரு வரி. இதைப் படித்த அன்று என் ஆய்வேட்டின் நன்றியுரையை எடுத்துப் பார்த்தேன். ஸ்லைடு போட உதவிய மூன்று எம்.எஸ்சி. பெண்களுக்கு 'அன்பான நன்றி' சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருத்தி உதவவில்லை, ஒரு அத்தியாயத்தின் பாதியைச் செய்தாள். கட்டுரையில் அவள் பெயர் இல்லை. அதைப் போடாதது நான்தான்.

இப்போது என் லேபில் வேலை தொடங்கும் அன்றே ஆசிரியர் வரிசையைப் பேசிவிடுகிறோம். பேசியதை அன்று மாலையே மெயிலில் போட்டுவிடுவேன்: இது இவருடைய வேலை, முதல் பெயர் இவர், வேலை மாறினால் வரிசையும் மாறும். 'கிரெடிட்' என்று 14 வகைப் பங்களிப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, பல ஜர்னல்கள் கேட்கின்றன. யோசனை யாருடையது, சோதனை யார் செய்தது, முதல் வரைவு யார் எழுதியது, பணம் யார் கொண்டுவந்தது என்று தனித்தனியாக வரும். அதைக் கட்டுரை முடிந்த பிறகு நிரப்பாமல் தொடங்கும்போதே நிரப்பினால் பாதிச் சண்டை வராது. ஸ்காலராக இருப்பவர்கள் இதைக் கைடிடம் எப்படிக் கேட்பது? குறை சொல்வது போல இல்லாமல், வேலை விஷயமாகக் கேட்பதுதான் எனக்குப் பலித்த வழி. "சார், ஜர்னல்ல யார் யார் என்ன செஞ்சாங்கன்னு கேட்கிறாங்க, இப்பவே எழுதி வெச்சுக்கலாமா?" நாலாவது கட்டுரையில் இப்படிக் கேட்டேன். சார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எழுதும்மா" என்றார். முதல் பெயர் என்னுடையது. இவ்வளவு சுலபமா என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

சரி, பெயர் ஒழுங்காக, உரிய இடத்தில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படித்தவர்கள் அதை மேற்கோள் காட்ட வேண்டுமே. 2013-இல் 54 லட்சம் கட்டுரைகளை வைத்து ஒரு உலகக் கணக்கு வந்தது. ஆசிரியர் பங்கில் பெண்கள் 30 சதவீதத்துக்கும் கீழே. பெண் முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ இருந்தால் மேற்கோள்களும் குறைவு. படித்ததும் எனக்கு நல்ல கோபம். அந்தக் கோபத்தில் என் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலை எடுத்து, பெண்கள் எத்தனை பேர் என்று எண்ண உட்கார்ந்தேன். குரோமோசோம் எண்ணுகிறவளுக்கு இது என்ன பெரிய வேலை.

நான்கு சனிக்கிழமை ஆனது. 186 பெயர்கள், பெரும்பாலும் வெறும் இனிஷியல். ஒவ்வொன்றாகத் தேடியும் 31 பேர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மீதி 155-இல் முதல் ஆசிரியர் பெண்ணாக இருந்தது 19. அந்த 19-இல் எழுதும்போதே பெண் என்று எனக்குத் தெரிந்திருந்தது ஏழு பேர். மற்றவர்களை எல்லாம் கேள்வியே கேட்காமல் ஆணாகவே மனதில் வைத்திருக்கிறேன். தமிழில் 'அவர்' என்று எழுதிவிட்டால் இது வெளியே தெரியாது. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹி' என்று கை தானாகப் போட்டிருந்தது, இரண்டு இடத்தில்.

அதில் ஒன்று ஏ.பி. வைலி. குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கிற எவரும் தொடாமல் போக முடியாத புத்தகம் ஒன்று உண்டு, எங்கள் துறையில் 'டார்லிங்டன் அட்லஸ்' என்றே சொல்வோம். அலமாரியில் எங்கே என்று அட்டெண்டரைக் கேட்டாலும் அந்தப் பெயரில்தான் எடுத்துத் தருவார். நான் மேற்கோள் காட்டியிருந்தது 1955-இல் வந்த பதிப்பு, டார்லிங்டனும் வைலியும் சேர்ந்து செய்தது. வைலியைத் தேடினால், ஆன் பிலிப்பா வைலி, நியூசிலாந்துப் பெண். அவருக்கு முன்னால், 1945-இல் வந்த முதல் பதிப்பில் டார்லிங்டனோடு இருந்த பெயர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தவர். கடைசிக் காலம் மதுரவாயலில். நான் கோயம்புத்தூருக்குச் செமினாருக்குப் போய் அந்த வளாகத்தில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் ஆய்வேட்டில் அவர் பெயர் இல்லை. இரண்டு பதிப்பு, இரண்டு பெண்கள், நாங்கள் சொல்வது டார்லிங்டன் அட்லஸ்.

மேற்கோள் பட்டியல் எப்படிப் பிறக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. யாரும் உட்கார்ந்து பெண்களை ஒதுக்குவதில்லை. முந்தின ஸ்காலரின் ஆய்வேட்டை எடுத்து, அதன் பட்டியலிலிருந்து நம்முடையதைத் தொடங்குகிறோம். அவர் தனக்கு முந்தினவரிடமிருந்து எடுத்தார். இருக்கிறவனுக்கே மேலும் சேரும் என்ற பைபிள் வசனத்தை வைத்து இதற்கு 'மத்தேயு விளைவு' என்று 1968-இல் ராபர்ட் மெர்ட்டன் பெயர் வைத்தார். இதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கட்டுரைக்கு ஆதாரமாக இருந்தது ஹாரியட் ஸக்கர்மேன் என்ற பெண் எடுத்த நேர்காணல்கள். கட்டுரையில் பெயர் மெர்ட்டன் மட்டும். அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று பின்னால் அவரே எழுதினார். பெண்களின் வேலை ஆண்களின் கணக்கில் ஏறுவதற்கு 1993-இல் மார்கரெட் ராசிட்டர் 'மட்டில்டா விளைவு' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்.

இன்னொரு பக்கமும் எண்ணினேன். என் பதினொரு கட்டுரைகளில் என்னையே நான் மேற்கோள் காட்டியது மொத்தம் இரண்டு தடவை. என் சீனியருடைய ஒரே கட்டுரையில் அவருடையதே ஆறு. ஜேஸ்டோர் சேமிப்பில் 1779 முதல் 2011 வரை இருந்த 15 லட்சம் கட்டுரைகளைப் பார்த்தவர்கள், பெண்களைவிட ஆண்கள் தங்களைத் தாங்களே 56 சதவீதம் அதிகமாகக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசி இருபது வருடத்தில் இது 70. சீனியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆறும் பொருத்தமான இடத்தில்தான் இருந்தன. தன்னைப் பற்றித் தானே பேசுகிறாளே என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்ததை நான் கட்டுரை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். ஒரு செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை முதலில் சொன்னது நான் என்றால், அடுத்த கட்டுரையில் என்னைக் காட்டாமல் யாரைக் காட்டுவது?

எல்லாப் பழியையும் ஜர்னல்காரர்கள் மேல் போடவும் முடியாது. 2021-இல் 145 ஜர்னல்களின் உள்விவரத்தைப் பார்த்த ஆய்வில், பரிசீலனையில் பெண்களின் கட்டுரைகள் மோசமாக நடத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தின வருடம் வந்த இன்னொன்று, ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று பார்த்தால் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான், மொத்தக் கணக்கு குறைவது பெண்கள் சீக்கிரமே துறையை விட்டுப் போவதால் என்கிறது. அதைப் படித்தபோது நான் ஒத்துக்கொண்டேன். பையன் பிறந்த பிறகு எனக்கு இரண்டரை வருடம் ஒரு கட்டுரைகூட இல்லை. முனைவர் பட்டத்தில் இருக்கும் பெண்கள் மானியக் குழு விதியில் 240 நாள் மகப்பேறு விடுப்பும் இரண்டு வருடக் கூடுதல் அவகாசமும் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபீஸில் தானாகச் சொல்ல மாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும்.

மேற்கோளுக்கு இப்போது என்ன செய்கிறேன்? இத்தனை பெண்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. படிக்காத கட்டுரையைப் பெண் எழுதியது என்பதற்காகப் போடுவது, படிக்காத கட்டுரையை டார்லிங்டன் எழுதியது என்பதற்காகப் போடுவதைப் போலத்தான். வரைவு முடிந்ததும் பட்டியலை ஒரு தடவை முழுப் பெயரோடு படித்துப் பார்க்கிறேன். ஒரு முக்கியக் கட்டுரையை எடுத்தால், அதற்குப் பிறகு அதை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னோக்கிப் போய்த் தேடுகிறேன். பழைய பட்டியலை நகல் எடுத்தால் கிடைக்காத ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். போன முறை அப்படிப் போனதில் நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் கட்டுரை கிடைத்தது. நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த எண்ணிக்கையை அவர் எப்போதோ சொல்லிவிட்டிருந்தார். அதற்கு மேற்கோள் ஒன்றுகூட இல்லை.

அந்த நன்றியுரைப் பெண்ணைத் தேடிப்பிடித்தேன். ஒரு பள்ளியில் முதுகலை ஆசிரியை. விட்டுப்போன அந்தத் தரவை வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதலாமா, முதல் பெயர் உன்னுடையது என்றேன். "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்" என்றாள். இரண்டு நாள் கழித்து, பழைய நோட்டை அம்மா வீட்டில் தேடிக்கொண்டிருப்பதாக வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

போன வாரம் என் ஸ்காலர் ஒருத்தி முதல் கட்டுரையை அனுப்ப லேப்டாப்போடு வந்தாள். தையில் கல்யாணம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அப்பா கதையைச் சொன்னேன், சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேடம், அம்மா பேரோட இனிஷியலையும் சேர்த்துப் போடலாமா?" என்று கேட்டாள். தாராளமாகப் போடு, ஆனால் ஒருதடவை போட்டால் கடைசி வரை அதுதான் என்றேன். அனுப்பாமல் மூடி வைத்துவிட்டு ஒரு நாள் டைம் கேட்டிருக்கிறாள்.